அத்துவிதம்: எதிர்மறைத் தொகையொன்றின் பொருள்

இறைவன் உயிரோடு நிற்கும் நிலையைக் குறிக்கும் வடமொழித் தொகைச்சொற்களுள் 'அத்துவிதம்' தலையாயது. 'துவிதம்' என்பது இரண்டாந்தன்மை. முன்னிற்கும் அகரம் எதிர்மறை. நம்மவர் பலர் இதனைத் தமிழில் 'ஒருமை' என எழுதிச் செல்கின்றனர். அவ்வாறு எழுதுமிடத்து, ஆராய்ச்சி தொடங்குமுன்னரே முடிவு கூறப்பட்டுவிடுகின்றது. அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படும்.

வடமொழி எதிர்மறை அகரம் இன்மை, அன்மை, மறுதலை என்னும் மூன்று பொருள்களில் வரும். 'அபாவம்' என்பதில் இன்மை. 'அப்பிராமணன்' என்பதில் அன்மை. 'அதர்மம்' என்பதில் மறுதலை. அத்துவிதத்தில் இன்மைப்பொருள் கொள்வோர் உள்பொருள் ஒன்றே என்பர். 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தை விளக்குமிடத்து, இச்சொல் ஒன்றென்பதை உணர்த்தாது, வேறென்பதையே மறுக்கும் என்றார். 1785இல் மறைந்த சிவஞான முனிவர் அன்மைப்பொருளையே வலியுறுத்தினார். பொருள் இரண்டாயினும், அவை பிரிந்து நிற்கும் இரண்டல்ல என்பது கருத்து.

இவ்வேறுபாட்டை உணரத் தமிழரே மிகவும் உரியர். வடமொழி அகரம் உள்ளடக்கி நிற்கும் இன்மையையும் அன்மையையும் 'இல்லை', 'அல்ல' எனத் தமிழ் இரு சொற்களாற் பிரித்துக் காட்டும். பேச்சுவழக்கில் 'இல்லை' என்பதே ஈரிடத்தும் வழங்கத் தொடங்கியமையால், 'இரண்டல்ல' என்பதும் 'இரண்டில்லை' என்பதும் ஒன்றெனத் தோன்றுகின்றன.

சாந்தோக்கிய உபநிடதம் பரம்பொருளை 'அத்துவிதீயம்', அதாவது இரண்டாவதில்லாதது, என்கின்றதே. அங்கு இன்மைப்பொருளன்றோ எனின், ஆம். ஆயினும் இல்லையெனப்பட்டது எது என்பதை நோக்குதல் வேண்டும். ஒரு வைத்தியரைச் சுட்டி, 'இவ்வூரில் இவருக்கு இரண்டாமவர் இல்லை' என்றால், மறுக்கப்படுவது மற்றொரு வைத்தியரேயன்றி நோயாளரல்லர். அவ்வாறே பதிக்கு நிகரான மற்றொரு பதி இல்லையென்பதன்றி, பசுவும் பாசமும் இல்லையென்பது அத்தொடரால் தானே பெறப்படாது.

யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞரான காசிவாசி செந்திநாதையர் (1848–1924) நீலகண்ட பாடியத்தைத் தமிழாக்கியதும், 'சைவ வேதாந்தம்' இயற்றியதும் இங்கு நினைக்கத்தக்கன. நீலகண்டர் கொள்கை மெய்கண்டார் கொள்கையோடு முற்றும் ஒவ்வாது. எனினும், வேதாந்தச் சொற்களை ஒரு சாரார்க்கே உரியனவென விட்டுக்கொடாத அவர்தம் உறுதி போற்றற்குரியது. சித்தாந்தம் அத்துவிதத்தை மறுத்தது என இன்று எழுதுவோர், மெய்கண்டார் தமதெனக் கொண்ட சொல்லை அவரிடமிருந்தே பறிக்கின்றனர். அவர் மறுத்தது ஏகான்மவாதத்தையே. ஆதலின் 'ஒருமை' என்பதனை விடுத்து 'இரண்டன்மை' என வழங்குதலே நேரிது.