ஆடு யாருடையது?

போன மாசம் ஒரு சபைக் கூட்டத்துல, ஒரு பெரியவர் எழுந்து கட்டட நிதிக் கணக்கைக் கேட்டார். பதிலாக ஒரு வசனம் வந்தது. சங்கீதம் 105:15, அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக்கூடாது என்று வருகிற இடம். அவர் உட்கார்ந்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்து அந்தச் சங்கீதத்தை முதல்லேருந்து படித்தேன்.

12ஆம் வசனத்திலிருந்து படித்தாலே போதும். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் என்பது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், சொந்த நிலம் கிடையாது, நாடு நாடாக அலைகிறவர்கள். எச்சரிக்கை யாருக்கு? ராஜாக்களுக்கு. பார்வோனும் கேராரின் ராஜா அபிமெலேக்கும் சாராளை எடுத்துக்கொண்டு போன கதைகள் (ஆதியாகமம் 12, 20) இதன் பின்னணி. ஆக, அதிகாரம் இல்லாதவனைக் காப்பாற்ற எழுதின வரி அது. இன்றைக்கு மைக் பிடித்தவர் அதை மைக் இல்லாதவர் மேல் திருப்புகிறார்.

தாவீது சவுலைத் தொடவில்லையே என்பார்கள். கொல்லவில்லை, உண்மைதான். ஆனால் 1 சாமுவேல் 24ல் குகையை விட்டு வெளியே வந்து, எல்லார் முன்னாலும் சவுலிடம் நியாயம் கேட்கிறானே!

சரி, தலைவர் யாருக்குக் கணக்குச் சொல்லணும்? இதற்கு பைபிள் திரும்பத் திரும்ப எடுக்கும் உருவகம் மேய்ப்பன். நமக்கு அது காலண்டர் படம், தோளில் ஒரு ஆட்டுக்குட்டி. அந்தக் காலத்து ஆளுக்கு அது ஒரு வேலை. பல இடங்களில் மந்தை ஒருத்தருடையது, மேய்ப்பவன் கூலிக்காரன். கி.மு. 18ஆம் நூற்றாண்டின் ஹமுராபி சட்டத்தில் இதற்கே தனி விதிகள் உண்டு: சிங்கம் அடித்தால் மேய்ப்பன் தெய்வத்தின் முன் சத்தியம் செய்து தப்பலாம், நஷ்டம் சொந்தக்காரனுடையது. அவன் அசட்டையால் தொழுவத்தில் நோய் வந்தால் அவனே ஈடு கட்டணும். யாத்திராகமம் 22ம் இதே ரகம்தான். மிருகம் பீறிய ஆட்டைச் சாட்சியாகக் கொண்டுவந்து காட்டினால் ஈடு வேண்டாம். சிங்கத்தின் வாயிலிருந்து இரண்டு காலையோ காதில் ஒரு துண்டையோ மேய்ப்பன் பிடுங்குவதாக ஆமோஸ் 3:12ல் வருகிறதே, அது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஆதாரம்! நம்ம பாஷையில் லாக் ஃபைல்.

இதை மனசில் வைத்துக்கொண்டு எசேக்கியேல் 34 படியுங்கள். 33ஆம் அதிகாரத்தில், பாபிலோனில் சிறையிருக்கும் எசேக்கியேலிடம் எருசலேம் விழுந்த செய்தியோடு ஒருவன் தப்பி வருகிறான். அடுத்த அதிகாரமே மேய்ப்பர்கள் மேல் குற்றப்பத்திரிகை. சர்வர் விழுந்த மறுநாள் நடக்கும் விசாரணை மாதிரி. பலவீனமானதைத் தேற்றவில்லை, நோயாளியைக் குணமாக்கவில்லை, முறிந்ததைக் கட்டவில்லை, துரத்துண்டதைத் திருப்பவில்லை, தொலைந்ததைத் தேடவில்லை. கொழுப்பையும் மயிரையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மேய்ப்பர் என்று இங்கே முதலில் குறிப்பது ராஜாக்களையும் ஆளுகிறவர்களையும்தான். ஆனால் 1 பேதுரு 5 சபை மூப்பர்களுக்கும் இதே உருவகத்தைக் கொடுத்து, மந்தையை இறுமாப்பாய் ஆளக்கூடாது என்கிறது. அதனால் பாஸ்டர்கள் இதிலிருந்து நழுவ முடியாது.

34ஆம் அதிகாரத்தில் 'என் ஆடுகள்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தீர்ப்பே அந்த வார்த்தையில் இருக்கிறது. 10ஆம் வசனத்தில் சொந்தக்காரர் ஆடுகளைக் கணக்குக் கேட்கிறார், மேய்ப்பர்களை வேலையிலிருந்தும் நீக்குகிறார்.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்த அதிகாரத்தில் ஆடுகள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. சொந்தக்காரர் வரும்வரை அவை என்ன செய்யணும்? அதற்கு 1 தீமோத்தேயு 5:19, 20க்குப் போகணும். இரண்டு மூன்று சாட்சிகள் இருந்தால் மூப்பர் மேல் குற்றச்சாட்டை ஏற்கலாம், நிரூபணமானால் எல்லார் முன்னாலும் கண்டிக்கணும். நடைமுறை தெளிவாகவே இருக்கிறது. அன்றைய கூட்டத்தில் அதை யாரும் வாசிக்கவில்லை, நானும்தான்.

அந்தப் பெரியவர் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லையாம்.