எழுகிறவன் என்று பெயரிடுவது யார்?

சீனா எழுகிறது, அமெரிக்கா அஞ்சுகிறது, அண்டை நாடுகள் சாய்வதற்குத் தோள் தேடுகின்றன. உலக அரசியல் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே கதையாடலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எழுகிறவன் இன்னான் என்று முதலில் பெயரிட்டது யார் என்று மட்டும் கேட்பதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து எழுதுகிறவன் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சேலம் ஒரு காலத்தில் மைசூர்ச் சீமை. 1780இல் மராத்தியர், ஐதராபாத் நிஜாம், ஐதர் அலி மூவரும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகக் கைகோத்தார்கள். பத்தே வருஷம்தான். 1790இல் அதே மராத்தியரும் நிஜாமும் கம்பெனியோடு சேர்ந்து திப்புவுக்கு எதிராகக் கிளம்பினார்கள். கொள்கை மாறிப்போச்சா என்றால் அப்படி ஒன்றும் இல்லை. மைசூர் பக்கத்து வீடு; அது எழுவது வாசலிலேயே தெரிந்தது. கம்பெனியோ கடல் தாண்டி வந்த வியாபாரி. உண்மையில் உலக அளவில் எழுந்துகொண்டிருந்த அதிகாரம், இவர்களோடு உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அந்த வியாபாரிதான்.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்புவின் ராஜ்யத்தில் பாதி, அதோடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பிணையாக இரண்டு பிள்ளைகள். பாதி என்பது நிலப்பரப்பில் பாதியல்ல, வருமானத்தில் பாதி. அந்தப் பங்கீட்டில் பாராமகாலும் சேலமும் கம்பெனிக்குப் போயின. நம்முடைய ஊர்கள் வரவுக் கணக்கில் ஒரு வரியாகக் கைமாறின. பின்னாலேயே அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார், உதவிக்குத் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்தார்கள், ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. மைசூருக்குக் கிஸ்தி கட்டிய குடியானவன் இப்போது கம்பெனிக்குக் கட்டினான். திப்புவை விடுதலை வீரன் என்பவர்களுக்கும் மதவெறியன் என்பவர்களுக்கும் இந்த ஆள் கண்ணில் படுவதே இல்லை.

சரி, கூட்டாளிகள் என்ன ஆனார்கள்? 1798இல் நிஜாம் தன் செலவில் கம்பெனிப் பட்டாளத்தை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். 1800இல் அந்தச் செலவுக்காக, மைசூரிலிருந்து தனக்குப் பங்காக வந்த சீமைகளையே கம்பெனியிடம் ஒப்படைத்தார். பேஷ்வா 1802இல் அதே வலையில் விழுந்தார். 1818இல் பதவியே போய்விட்டது.

ஆகவே சீனா அப்பாவி என்று சொல்லவரவில்லை. அது இன்னொரு சோம்பேறித்தனம். யார் எங்கே நின்று 'எழுச்சி' என்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. இந்த மூன்று தீவுகளுக்கான சூரியஒளி, காற்றாலை மின்திட்டத்தை 2021இல் இலங்கை அரசு சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. டெல்லி ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் திட்டம் இந்தியாவின் கைக்கு வந்தது. ராமேஸ்வரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதித் தள்ளினார்கள். தீவுக்காரன் வீட்டில் ராத்திரி எத்தனை மணி வரைக்கும் கரண்ட் இருக்கும் என்று கேட்ட ஒரு கட்டுரையும் என் கண்ணில் படவில்லை. டெல்லிக்குச் சீனா எழுகிறவன். கொழும்பிலிருந்து பார்த்தால் டெல்லியே பக்கத்து வீட்டுப் பெரியவன். 1987இல் வந்திறங்கிய இந்தியப் படையை யாழ்ப்பாணத்தில் யாரும் இன்னும் மறக்கவில்லை.