ஒரு செயின் இழுக்க, மற்றவை கூட ஓட

அம்பத்தூர்க்காரர்களுக்குச் செயினைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1949-இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது, பிறகு டி.ஐ. டயமண்ட் செயின். பின், புஷ், ரோலர், பிளேட் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இங்கே எத்தனையோ பேர். அவர்கள் ரசித்துப் பார்க்க ஒரு கார் இருக்கிறது. ஆர்ச்சி ஃப்ரேசர் நாஷ் செய்த கார்.

1889-இல் இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயர் அவர். லண்டன் ஃபின்ஸ்பரி கல்லூரியில் கூடப் படித்த காட்ஃப்ரேயுடன் சேர்ந்து 1910-இல் ஜி.என். என்ற எடை குறைந்த சிறு காரைச் செய்யத் தொடங்கினார். முதல் உலகப் போரில் ராயல் ஃப்ளையிங் கோர் படையில் பணி. போர் முடிந்ததும் மறுபடி கார், மறுபடி பந்தயம். தம் பந்தயக் கார்களுக்கு அவர் வைத்த பெயர்கள் கிம், மௌக்லி; இரண்டுமே கிப்ளிங்கின் இந்தியக் கதைகளில் வரும் சிறுவர்களின் பெயர்கள். பிறந்த மண்ணை அவர் மறக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கிறது. 1921-இல் புரூக்லாண்ட்ஸ் 200 மைல் பந்தயத்தில், 1100 சிசி பிரிவில், இரண்டே சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு மணிக்குச் சராசரி 115 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி ஜெயித்தார்.

எஞ்சினை விட அதற்குப் பின்னால் இருப்பதுதான் அழகு. மற்ற கார்களில் கியர்கள் இரும்புப் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். இவர் காரில் பெட்டியே இல்லை. எஞ்சினிலிருந்து வரும் தண்டு, குறுக்கே கிடக்கும் இன்னொரு தண்டைச் சுழற்றுகிறது. அந்தக் குறுக்குத் தண்டில் வெவ்வேறு அளவில் பல்சக்கரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பின் ஆக்சிலுக்கு ஒரு செயின். கியருக்கு ஒரு செயின், அவ்வளவுதான் கணக்கு. முதலில் மூன்று கியர், பின்னாளில் நான்கு.

கார் ஓடும்போது எல்லாச் செயின்களும் சேர்ந்தே ஓடுகின்றன, ஒவ்வொன்றும் தனக்கான வேகத்தில். ஆக்சில் பக்கத்துப் பல்சக்கரங்கள் ஆக்சிலோடு இறுகியிருக்கின்றன. குறுக்குத் தண்டின் பல்சக்கரங்களோ சும்மா வழுக்கிச் சுற்றுகின்றன. ஓட்டுநர் லீவரைத் தள்ளியதும் ஒரு டாக் கிளட்ச் போய் அவற்றில் ஒன்றைக் கவ்விக்கொள்கிறது. அந்த நொடியே அந்தச் செயினின் மேல்பக்கம் விறைத்து நிற்கிறது. மற்றவை தொய்வாக, பாரமில்லாமல் கூட ஓடுகின்றன. சுழலும் பாகங்களின் எடை குறைவு என்பதால் கியர் மாற்றக் கண்ணிமைக்கும் நேரம் போதும். நாளைய பந்தயத்துக்கு வேறு கியர் விகிதம் வேண்டுமென்றால் பல்சக்கரத்தை மாற்றினால் முடிந்தது வேலை.

குறை இல்லையா என்றால், உண்டு. செயின்களுக்கு அடிக்கடி எண்ணெய் போட்டாக வேண்டும்; சேறும் புழுதியும் ஏறும்; சில சமயம் அறுந்தும் போகும். ஆனால் அறுந்தால் போவது ஒரு கியர் மட்டும். மிச்சமிருக்கும் செயினைப் பிடித்து வீடு வந்து சேரலாம். எந்த கியர்பாக்ஸ் இந்தச் சலுகையைத் தரும்?

டிஃப்ரன்ஷியலையும் அவர் விட்டுவிட்டார். பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போகவேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டும் ஒத்துப்போகாமல் டயர் வழுக்குகிறது, வண்டியின் பின்பக்கம் வெளியே ஒதுங்குகிறது. வேறு எவராவது இதைக் கோளாறு என்று திருத்தியிருப்பார்கள். இவர் கார்களை ஓட்டியவர்கள் அந்த வழுக்கலையே வளைவில் திரும்பும் வழியாக்கிக்கொண்டார்கள். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்தாலே முன்சக்கரம் திரும்பிவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பின்பக்கத்தை எவ்வளவு ஒதுக்குவது என்று காலால் தீர்மானிக்கலாம். செலவைக் குறைக்க எடுத்த முடிவு ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் இப்படி ஒரு வித்தையைக் கொடுத்துவிட்டது. இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தம் பெயரில் அவர் தொடங்கிய கம்பெனி 1920-களின் இறுதியிலேயே ஆல்டிங்டன் சகோதரர்கள் கைக்குப் போய்விட்டது. அவர் ஹைட்ராலிக் துப்பாக்கி மேடைகளை வடிவமைக்கப் போனார். இரண்டாம் உலகப் போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் இருந்தவை அவருடையவைதான். 1965-இல் காலமானார். கம்பெனி கைமாறியும் செயின் மாறவில்லை. 1930-கள் முழுக்க அதே அமைப்பில்தான் கார்கள் வந்தன. மொத்தமே சுமார் 350. அவற்றில் பல இன்றும் இங்கிலாந்தின் பழங்கார் பந்தயங்களில் பின்பக்கத்தை வெளியே வீசிக்கொண்டு வளைவுகளில் திரும்புகின்றன.