பவணந்தியாரின் மாணாக்கரும் கிஜுபாயின் பிள்ளைகளும்

பேராசிரியப் பெருமக்கள் எழுதும் மலரில், துணி வியாபாரியாகிய எனக்கும் சில பக்கங்கள் ஒதுக்கிய சங்கத்தாருக்கு முதற்கண் நன்றி. நான் பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தியவன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1984-இல் அகமதாபாத்துக்குச் சரக்கு எடுக்க வந்தேன், இங்கேயே தங்கிவிட்டேன். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் படித்ததுதான் என் கல்வி. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர் என்பதால் எங்கள் தாத்தா அதைச் சிறுவயதிலேயே எனக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டார். குஜராத்தி வாசிக்கப் பழகிய பிறகு கைக்கு வந்தது கிஜுபாய் பதேக்காவின் ‘திவாஸ்வப்ன’. தமிழில் ‘பகல் கனவு’ என்ற பெயரில் வந்திருக்கிறது. சிறுபிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியோடு இவ்விரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

கிஜுபாய் 1885-இல் சௌராஷ்டிரத்தில் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்தார். 1913-இல் மகன் பிறந்ததும், இந்தக் குழந்தைக்கு எப்படிக் கல்வி கொடுப்பது என்று யோசிக்கத் தொடங்கி, மாண்டிசோரி அம்மையாரின் கருத்துகளைப் படித்தார். 1916-இல் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே பால மந்திர் தொடங்கினார். ‘மீசை வைத்த அம்மா’ என்று குஜராத்தில் அவரைச் சொல்வார்கள். 1939 ஜூனில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில்தான் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார்.

‘பகல் கனவு’ கதை வடிவில் எழுதிய கல்வி நூல். லட்சுமிராம் என்பவர் கல்வி அதிகாரியிடம் போய், ஓராண்டுச் சோதனைக்கு ஒரு வகுப்பைக் கொடுங்கள் என்று கேட்கிறார். நான்காம் வகுப்பு கிடைக்கிறது. ராத்திரி முழுக்கத் திட்டம் போட்டுக்கொண்டு முதல் நாள் போகிறார். மௌன விளையாட்டு என்று ஆரம்பிக்கிறார். பிள்ளைகள் கூச்சல் போட்டு அதைக் கலைத்துவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் விடுமுறை விடுகிறார்; திட்டும் வாங்குகிறார். மறுநாள் ஒரு ராஜா கதையை எடுத்ததும் வகுப்பு அடங்கிப் போகிறது. கதையிலிருந்து புத்தகம், பாடப்புத்தகக் காசைச் சேர்த்து வகுப்புக்கு ஒரு சிறு நூலகம், விளையாட்டு, நாடகம், விளையாட்டாகவே இலக்கணம் என்று ஆண்டு நகர்கிறது. முதல் நாள் தோல்வியை ஆசிரியர் மறைக்கவில்லை பாருங்கள், அதுதான் இந்த நூலின் மீது எனக்கு நம்பிக்கை வரக் காரணம். நஷ்டத்தையும் எழுதி வைத்த கணக்குப் புத்தகத்தைத்தான் வியாபாரி நம்புவான்.

இனி நன்னூலுக்கு வருவோம். அதன் பொதுப்பாயிரம் மாணாக்கரைத் தரம் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி கடைத்தரம். ஊற்றியதை ஒழுகவிடுவது குடம். செடிக்குச் செடி தாவி ஒன்றிலும் வயிறு நிறைய மேயாதது ஆடு. குளத்தைக் கலக்கிக் குடிப்பது எருமை. நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது நெய்யரி. நினைவில் நிற்கும் உவமைகள். நிற்பதில்தான் ஆபத்தும்!

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல், சொல் முடிந்த பிறகுதான் வாசகம். எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு ரகர றகரம் வாரா வாரம் மறந்துபோகும். ஒரு நாள், “ஓட்டைக் குடம்டா நீ” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அவன் தாயார் சொன்னார்: “ஐயா, பசங்க எல்லாம் அவனைக் குடம் குடம்னு கூப்பிடறாங்களாம். இனி வரமாட்டேங்கிறான்.”

உத்தராயண் பண்டிகைக்கு அவர்கள் குடியிருப்புப் பக்கம் போனேன். மொட்டை மாடியில் அந்தப் பையன் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். எந்த மாஞ்சா எதை அறுக்கும், காற்று திரும்பினால் எவ்வளவு நூல் விடவேண்டும் என்று தமிழும் குஜராத்தியும் கலந்து கால் மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தான். ஒன்றையும் மறக்கவில்லை. வகுப்புக்குக் கூப்பிட்டேன், சிரித்தான், வரவில்லை. அந்த வருஷமே அவர்கள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள்.

‘பகல் கனவை’ இரண்டாம் தடவை எடுத்தது அதற்குப் பிறகுதான். லட்சுமிராம் ஒரு பிள்ளையையும் குடம் என்று ஒதுக்குவதில்லை; ஊற்றுகிற விதத்தைத்தான் மாற்றிக்கொண்டே போகிறார். நன்னூலார் கடைத்தரத்தில் வைத்த ஆட்டுக்கு இவர் முழு நூலகத்தையே திறந்துவிடுகிறார். எட்டு ஒன்பது வயதில் செடிக்குச் செடி தாவுவது குற்றமா, இயல்பா? இயல்பு என்கிறது குஜராத்தி நூல். இந்த இடத்தில் நான் கிஜுபாய் கட்சி.

ஆனால் பவணந்தியார் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. அவர் எழுதியது இலக்கணம் கற்க வந்த முதிர்ந்த மாணாக்கருக்கு. அதோடு, மாணாக்கரை நிறுப்பதற்கு முன்பே ஆசிரியரை நிறுத்துவிடுகிறார். நிலம், மலை, துலாக்கோல், மலர் போன்றவர் நல்லாசிரியர். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு போன்றவர் ஆசிரியராகத் தகாதவர். கற்பிப்பவர் இடமும் காலமும் பார்த்து, கோபமும் அவசரமும் இல்லாமல், மலர்ந்த முகத்தோடு, கேட்பவன் எந்த விதத்தில் வாங்கிக்கொள்வான் என்று அறிந்து, அவன் மனத்தில் பதியச் சொல்லவேண்டும் என்றும் விதிக்கிறார். குழந்தையை நடுவில் வை என்று இன்று சொல்வதன் வேர் அங்கேயே இருக்கிறது. நாம் மாணாக்கர் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டோம். அன்று வகுப்பில் கிட்டே நெருங்க முடியாத மடற்பனையாக நின்றவன் நான்தான்.

‘பகல் கனவிலும்’ குறை உண்டு. ஒரு வருஷம், ஒரு வகுப்பு, பக்கபலமாக நிற்கும் ஓர் அதிகாரி: இவ்வளவும் கூடிவந்த கதை அது. லட்சுமிராம் போனபிறகு அந்த வகுப்பு என்ன ஆகும் என்று நூல் கவலைப்படவில்லை. இன்னொன்று, கதை சொன்னதும் பிள்ளைகள் அடங்கினார்களே, அது அவர்கள் வீட்டு மொழிக் கதை. வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று மூன்று மொழிகளுக்கு நடுவில் நிற்கும் நம் பிள்ளைகளைப் பற்றி அந்த நூலில் வழி இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை ஐந்தாம் வகுப்பு மட்டுமாவது தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அதே 2020 செப்டம்பரில் அகமதாபாத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளி மாணவர் குறைவு என்று மூடப்பட்டது. தமிழக முதல்வர் குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதும்படி ஆயிற்று. ஆகவே நமக்கான வழியை நாம்தான் தேடவேண்டும்.

இப்போது என் ஞாயிறு வகுப்பு கதையில் தொடங்குகிறது. பிள்ளை குஜராத்தியில் பதில் சொன்னால் தடுப்பதில்லை; அவன் சொன்ன சொல்லுக்கே தமிழ் எழுதிக் காட்டுகிறேன். பட்டத்து நூலிலிருந்து ‘நூல்’ என்ற சொல், அதிலிருந்து புத்தகம். எழுத்து முழுக்க வர முன்னைவிடப் பல மாதம் கூடுதலாகிறது. சில பெற்றோர் முணுமுணுக்கவும் செய்கிறார்கள். எனக்கு உழைப்பும் இரட்டிப்பு. குழந்தையை மையமாக வைப்பதென்றால் ஆசிரியர் ஒதுங்கி நிற்பது என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிறு வந்து பார்க்கலாம். ஆனால் பாதியில் நின்றுபோகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் ஒப்புவித்தல் போட்டிக்குக் கொடுக்கும் பரிசுத் தொகையில் பாதிக்காவது சிறுவர் கதைப் புத்தகங்கள் வாங்கிப் போடுங்கள். பிள்ளைகள் செடிக்குச் செடி மேயட்டும். பிழையிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.