பொன்னும் நீலமும் ஊதாவும்

இந்த ஏப்ரல் 14க்கு எங்கள் தெருமுனையில் கட்டிய ஃப்ளெக்ஸைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கவிதைக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிற பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று தோழர்கள் கேட்கலாம். சேரியில் அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கிற படைப்பு அதுதான். நம் தொகுப்புகளை எத்தனை பேர் புரட்டினார்கள் என்பது நமக்கே தெரியும்.

பத்தடிக்கு எட்டடி. வடிவமைத்தவன் எங்கள் தெருப் பையன், டவுனில் ஃபோட்டோஷாப் வேலை பார்க்கிறவன். நடுவில் அம்பேத்கர். தலைக்குப் பின்னால் தங்க வட்டம். பின்புலம் மேலே நீலம், கீழே வர வர ஊதா. சுற்றிலும் பட்டுச்சேலைக் கரைபோலப் பொன்னில் கொடி. பார்த்ததும் எனக்குச் சிவகாசிக் காலண்டர்தான் ஞாபகம் வந்தது. நீலக் கிருஷ்ணன், பொன் கிரீடம், ஊதாப் பட்டு. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜு (1898–1976) பாணிப் படங்கள் வீட்டுக்கு வீடு ஆணியடித்துத் தொங்கியதை மறக்க முடியுமா? பாட்டில் கார்மேகமாக இருக்கிறவன் காலண்டரில் நீலமாகிவிடுகிறான். கறுப்பைக் கும்பிடக் கூச்சப்பட்டுத்தான் நீலத்தைப் பூசினார்கள் என்பது என் அபிப்பிராயம். நம்ம கருப்பசாமிக்கு அந்தச் சங்கடம் இல்லை.

அம்பேத்கரின் நீலம் அந்த நீலம் அல்ல. 1942இல் அவர் தொடங்கிய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷனின் கொடியில் பறந்த நீலம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் எடுத்த 22 உறுதிமொழிகளில் இரண்டாவது, ராமனையும் கிருஷ்ணனையும் கடவுளாக ஏற்க மாட்டேன் என்பது. கிருஷ்ணனை மறுத்தவருக்கு அவனுடைய உடுப்பையே மாட்டி நிறுத்தியிருக்கிறோம்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீலம் மட்டும் போட்டா கட்சி பேனர் மாதிரி இருக்கு சித்தப்பா. கோல்டு சேர்த்தாத்தான் ரிச்சா தெரியும்" என்றான். ஊதா எதுக்குடா என்றால் சிரிக்கிறான். பாதி ஊதா அவன் வைக்காதது. திரையில் நல்ல நீலமாகத்தான் இருந்திருக்கிறது. அச்சில் நீலத்துக்கென்று தனி மை கிடையாது, சயானும் மெஜந்தாவும் கலந்துதான் நீலம் வரும். மெஜந்தா ஒரு பிடி கூடினால் கத்தரிப்பூ நிறமாகிவிடும். தங்க மையும் அந்த மெஷினில் இல்லை. பழுப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றையும் அடுத்தடுத்து இழைத்துத் தகடு மினுங்குவதுபோலக் காட்டுகிற வித்தை அது. அதில் அவன் கெட்டிக்காரன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வித்தையை எங்கே செலவழித்தான்? 'கற்பி' என்று தொடங்குகிற முழக்கம் ஊதாவின் மேல் நீல எழுத்தில் கிடக்கிறது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நிறம். பத்தடி தள்ளி நின்றால் ஒரு எழுத்தும் தெரியாது. ஊதாவுக்கு எதிர்நிறம் மஞ்சள், அதனால் பொன்னெழுத்துதான் கண்ணில் அறைகிறது. அந்தப் பொன்னெழுத்தில் இருந்தது நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து அவனிடம் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெத்திலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா உரலை நிறுத்திவிட்டுச் சொன்னது: "எங்க ஆத்தா காதுல ஒரு பொட்டுத் தங்கம் போட விட்டாய்ங்களாடா? நீ என்னமோ தங்கம் வேணாங்குற. அய்யாவுக்குச் சட்டையவே தங்கத்துல தச்சுப் போட்டாலும் எனக்குச் சம்மதம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் ஊர் பழைய ராமநாதபுரம் ஜில்லா. 1930 டிசம்பரில் இந்தப் பக்கத்து ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்மேல் போட்ட எட்டுத் தடைகளை ஹட்டன் தன் சாதி நூலில் பதிந்திருக்கிறார். முதல் தடையே பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பதுதான். ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது என்பது மூன்றாவது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது என்று பட்டியல் போகிறது. 1931இல் அது பதினொன்றாக நீண்டது. அந்த மூன்றாவது தடைக்கு எதிரில்தான் ஊருக்கு ஊர் நீலக் கோட்டு மாட்டிய சிலை நிற்கிறது. நான் படித்ததுதான். ஆனால் முதல் தடையை ஃப்ளெக்ஸோடு சேர்த்துப் பார்க்க அப்பத்தாவின் வாய் வேண்டியிருந்தது. காலண்டர் பொன் மட்டுமே என் கண்ணில் பட்டது. நம் காதில் ஏறவிடாத பொன்னும் அதே நிறம்தானே.

அதனால் பொன்னை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தலைக்குப் பின்னால் இருக்கிற வட்டத்தை மட்டும் எடு என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். அது அவரைச் சாமியாக்கிவிடும். சட்டைப்பையில் இருக்கிற பேனாவுக்கு வை, கையில் இருக்கிற புத்தக விளிம்புக்கு வை, முழக்கத்துக்கு வை. நன்கொடைக்காரர்களுக்கு வெள்ளை எழுத்து போதும், கோபித்தால் கோபிக்கட்டும். ஊதா விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நீலத்தோடு ஒட்டிக்கொண்டு நீலத்தையே மங்கச் செய்கிறது. "பாக்கலாம் சித்தப்பா" என்றிருக்கிறான்.

விழா முடிந்ததும் அம்பேத்கர் படத்தை மட்டும் கத்தரித்து வீட்டுக்குள் ஒட்டிவிட்டோம். வெயில் படாததால் தங்க வட்டம் அங்கே இன்னும் மினுங்குகிறது. மிச்சத் துண்டு ஆட்டுக்கொட்டகைக் கூரையில் கிடக்கிறது. வெயிலுக்கு மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளிறும், சயான் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆடி வருவதற்குள் கொடியும் ஜரிகையும் நன்கொடைக்காரர் பெயர்களும் போய்விட்டன, வெளிறிய நீலம்தான் கிடக்கிறது. எங்கள் பக்கத்துப் பெருசுகளுக்கு நீலமும் ஊதா, ஊதாவும் ஊதா. அப்பத்தா அதை ஊதாப் படுதா என்றுதான் சொல்கிறது.