டௌலரை அறிமுகப்படுத்தியது யார்?

யோஹான்னஸ் டௌலர் 14ஆம் நூற்றாண்டு ஸ்ட்ராஸ்பர்க்கின் டொமினிக்கன் துறவி. அவருடைய பிரசங்கங்களின் ஆங்கிலப் பதிப்புக்கு 1857இல் முன்னுரை எழுதியவர் சார்லஸ் கிங்ஸ்லி. கல்யாணமான ஆங்கிலிக்கன் பாதிரியார், நாவலாசிரியர். கத்தோலிக்கத் துறவு என்றாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். (1864இல் நியூமனைச் சீண்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் இவர்தான்.) அப்படிப்பட்டவர் எப்படி இதற்குள் வந்தார்? லூதரே டௌலரை மெச்சியிருக்கிறார் என்பது ஒரு சௌகரியம். ஆனால் அந்த ஒவ்வாமையேதான் அவருடைய தகுதி என்று எனக்குப் படுகிறது. கத்தோலிக்கர் ஒருவர் சிபாரிசு செய்திருந்தால் புராட்டஸ்டண்ட் வாசகர்கள் பலர் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

சரி, உழைப்பு யாருடையது? 25 பிரசங்கங்களை மொழிபெயர்த்து, டௌலரின் வாழ்வையும் காலத்தையும் பற்றித் தனியாக எழுதிச் சேர்த்தவர் சுசன்னா விங்க்வொர்த். அன்றைய இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்ணுக்குப் பாதிரியார் பட்டம் கிடையாது. அந்தப் பட்டத்தைக் கிங்ஸ்லியிடமிருந்து கடன் வாங்கியது புத்தகம். முன்னுரையை அப்புறம் படிச்சுக்கலாம். முதலில் விங்க்வொர்த் எழுதிய பக்கங்களுக்குப் போங்கள்.