சொல்லாமல் விட்ட கதை

நாவலாசிரியனுக்கு வீடியோ விளையாட்டில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கதை எங்கே சொல்லப்பட்டாலும் அங்கே அவனுக்கு வேலை உண்டு என்பது என் கட்சி. ஆடுகிறவரே ஒரு பாத்திரமாகி ஒரு கற்பனை உலகத்துக்குள் நடமாடும் விளையாட்டுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

இவற்றில் பல, மட்டமான சரித்திர நாவல் செய்யும் தவறையே செய்கின்றன. கதை தொடங்குமுன் வம்சாவளி, போர்கள், தெய்வங்கள் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகின்றன. உலகம் தெரிகிறது, ஆனால் நம்பிக்கை பிறப்பதில்லை.

2002இல் வந்த 'மாரோவிண்ட்' வேறு வழியில் போயிற்று. அதன் உலகத்து அலமாரிகளில் புத்தகங்கள் கிடக்கின்றன. நெரவார் என்ற பழைய வீரன் போர்க் காயத்தால் இறந்தான் என்கிறது கோயில். கூட இருந்தவர்களே கொன்றார்கள் என்கிறார்கள் பாலைநிலத்துக் குடிகள். எது உண்மை என்று விளையாட்டு தீர்ப்புச் சொல்வதில்லை. உண்மையான சரித்திரமும் அப்படித்தானே நம்மிடம் வந்து சேருகிறது?

2011இல் வந்த ஜப்பானிய விளையாட்டான 'டார்க் ஸோல்ஸ்' இன்னும் சிக்கனமானது. அதை உருவாக்கிய ஹிடெடகா மியாஸாகி, சிறு வயதில் முழுக்கப் புரியாத ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் படித்ததாகவும், புரியாத இடங்களைப் படங்களைக் கொண்டும் கற்பனையைக் கொண்டும் நிரப்பிக்கொண்டதாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுவனின் இடத்தில் அவர் நம்மை உட்காரவைக்கிறார். கதையின் பெரும்பகுதி வாளிலும் மோதிரத்திலும் எழுதியுள்ள இரண்டு மூன்று வரிக் குறிப்புகளில் சிதறிக் கிடக்கிறது.

ஆர்டோரியாஸ் என்ற வீரன் பாதாள இருளை வென்றதாக ஐதீகம். இருளில் நடக்க அவனுடைய மோதிரம் வேண்டும். அவன் சமாதியைக் காப்பது ஸிஃப் என்ற பெரிய ஓநாய். எஜமானனின் வாளை வாயில் கவ்விக்கொண்டு அது போரிடுகிறது. நாம் வெட்ட வெட்ட, கடைசியில் நொண்டத் தொடங்குகிறது. அப்போதும் வாளை ஓங்குகிறது. ஒரு வசனம் இல்லை. அதைக் கொல்லாமல் மேலே போகவும் வழி இல்லை.

2012இல் வந்த பிற்சேர்க்கையில் உண்மை தெரிகிறது. ஆர்டோரியாஸ் வெல்லவில்லை. தன் கேடயத்தை அந்த ஓநாய்க்குக் காவலாக வைத்துவிட்டு, தான் இருளுக்கு இரையானான். அங்கே அந்த ஓநாயை முதலிலேயே காப்பாற்றியவர் பிறகு சமாதிக்குப் போனால், அது அவரை முகர்ந்து அடையாளம் கண்டுகொள்கிறது, ஊளையிட்டு அழுகிறது, பிறகு வாளை எடுக்கிறது.

ரஸ்கோல்னிகாவ் கிழவியைக் கொல்லும்போது கோடாலி அவன் கையில் இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே வாள் என் கையில். நாவலால் தர முடியாத அனுபவம் இது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆனால் குறையும் அங்கேதான் இருக்கிறது. தாஸ்தாயெவ்ஸ்கி அந்தக் கொலைக்குப் பிறகுதான் நாவலின் பெரும்பகுதியை எழுதினார். இந்த விளையாட்டோ மோதிரத்தைக் கையில் கொடுத்து அடுத்த எதிரியிடம் அனுப்பிவிடுகிறது. குற்ற உணர்ச்சியை உண்டாக்கத் தெரிந்ததற்கு, அதை வைத்துக்கொண்டு வாழ ஓர் இடம் கொடுக்கத் தெரியவில்லை. இன்னொன்று: குறிப்புகளைப் படிக்காமலே ஆடி முடிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஓநாய் வெறும் ஓநாய்தான்.

மௌனம் எல்லாம் ஆழம் ஆகிவிடாது. சொல்ல ஒன்றும் இல்லாதவனும் மௌனமாக இருக்கலாம். இவரைப் பார்த்துக் குறிப்புத் துணுக்குகளை இறைக்கிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. ஆர்டோரியாஸ் கதையில் மௌனத்துக்கு அடியில் ஒரு முழுக் கதை இருக்கிறது; ஆசிரியர் அதை அறிந்துகொண்டுதான் மறைக்கிறார். எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பிற்பாதியை அல்ல, முற்பாதியை: முதலில் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.